உலோகவியல் ஆராய்ச்சிப் படிப்பு: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளச்சலில் பிறந்து வளர்ந்து, கடல் சூழலில் எஃகு எப்படி விரிசல் விடுகிறது என்பதில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவள் நான். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து மாணவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தக் கல்லூரி என்று தேடத் தொடங்காதீர்கள், எந்தக் கேள்வி உங்களை விடாமல் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். உலோகம் பற்றிய கேள்விகளுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே கிடையாது.

அக்கா, உலோகவியல் ஆராய்ச்சி என்றால் என்னதான் செய்வீர்கள்? உலையில் இரும்பு உருக்குவதா?

உருக்குவதும் உண்டு. பாறையில் இருந்தும் மணலில் இருந்தும் உலோகத்தைப் பிரித்தெடுப்பது ஒரு பக்கம். அதை வார்ப்பது, உருட்டுவது, அடித்து உருவாக்குவது, வெல்டிங் வைப்பது இன்னொரு பக்கம். அப்புறம், செய்து முடித்த பொருள் பாரம் தாங்கும்போதும் சூடேறும்போதும் உப்புக்காற்றில் நிற்கும்போதும் எப்படி நடந்துகொள்கிறது, கடைசியில் ஏன் உடைகிறது என்று பார்ப்பது மூன்றாவது பக்கம். நான் இருப்பது அங்கே.

ஒன்று செய்து பாருங்கள். கொஞ்சம் தடிமனான செம்புக் கம்பி ஒரு துண்டு எடுத்து அடுப்பில் சிவக்கச் சூடாக்கி ஆறவிடுங்கள். இப்போது வளைத்தால் சொன்னபடி வளையும். வளைத்ததை அதே இடத்தில் நிமிர்த்தப் பாருங்கள், வளைந்த இடம் அடம் பிடிக்கும், அதற்குப் பக்கத்து இடம்தான் வளையும். ஒரே கம்பி, ஒரே செம்பு, ஆனால் வளைத்த இடம் மட்டும் இறுகிவிட்டது. ஏன்? உலோகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன, அந்த அடுக்கில் ஆங்காங்கே வரிசைப் பிசகுகள் உண்டு, அவற்றை டிஸ்லொகேஷன் என்போம். உலோகம் வளைவது இந்தப் பிசகுகள் நகர்வதால்தான். வளைக்க வளைக்க அவை பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் மேற்கொண்டு நகர முடியாமல் போகிறது. 1934-ல் டெய்லர், ஒரோவான், பொலான்யி என்ற மூன்று அறிவியலாளர்களும் தனித்தனியாக இந்த விளக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்கு முன்பு, அணுக்களின் பிணைப்பை வைத்துக் கணக்குப் போட்டால் வருகிற வலிமையைவிட நிஜ உலோகம் ஏன் இத்தனை மடங்கு மென்மையாக இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்கள் வெள்ளித் தகட்டைத் தட்டித் தட்டி, அது இறுகியதும் நெருப்பில் காட்டி இளக்கிவிட்டு மறுபடி தட்டுவார்கள். சூடு பட்டதும் அந்தச் சிக்கல் கலைந்து புதிய படிகங்கள் உருவாகின்றன. பட்டறையில் கைக்குத் தெரிந்த அந்த விஷயத்தை எவ்வளவு சூட்டில், எத்தனை நிமிடத்தில், எந்த அளவு படிகமாக என்று அளந்து எழுதினால் அது ஆராய்ச்சி.

கடற்கரையில் எல்லாமே துருப்பிடிக்கத்தான் செய்யும். இதில் ஆராய இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

நிறைய மிச்சம் இருக்கிறது, இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முட்டத்திலோ தேங்காய்ப்பட்டணத்திலோ கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தகரக் கூரையைக் கவனித்துப் பாருங்கள். மழை நேராகப் படும் மேல்பக்கத்தைவிட மழை படாத அடிப்பக்கமும் மடிப்புகளும் பல இடங்களில் மோசமாக அரித்திருக்கும். மழை உப்பைக் கழுவிவிடுகிறது, ஒதுக்குப்புறத்தில் உப்பு அப்படியே படிந்து கிடந்து இரவு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. எந்த மாதத்தில் உப்பு எவ்வளவு படிகிறது, எந்த மாதத்தில் கழுவப்படுகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். கடலில் இருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே உப்புப் படிவு வேகமாகக் குறைந்துவிடும். அதனால் ஒரே ஊரில் கடற்கரைத் தெரு வீட்டுக்கும் மெயின் ரோட்டு வீட்டுக்கும் கம்பியின் ஆயுள் வேறு.

ஆய்வகத்தில் உப்புநீர்ப் பனி அடிக்கும் பெட்டி ஒன்று உண்டு, ஏஎஸ்டிஎம் பி117 என்ற முறைப்படி 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி செல்சியஸில் விடாமல் தெளிப்பார்கள். பூச்சு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க அது நல்ல சோதனை. ஆனால் அதில் ஆயிரம் மணி நேரம் தாங்கியது என்பதால் குளச்சலில் இத்தனை வருஷம் தாங்கும் என்று கணக்கு சொன்னால் நம்பாதீர்கள். நிஜக் கடற்கரையில் ஈரமாவதும் உலர்வதும் மாறி மாறி வரும், வெயில் உண்டு, மழைக் கழுவல் உண்டு, அந்தப் பெட்டிக்குள் இது எதுவும் இல்லை. ஆகவே உண்மையான கடற்கரையில் மாதிரித் தகடுகளை மாட்டி வைத்து ஆண்டுக்கணக்கில் எடுக்கும் அளவுக்கு மதிப்பு அதிகம், அதை நம் ஊரில் இருந்துகொண்டே செய்யலாம்.

அப்புறம் கான்கிரீட். கடலோர வீடுகளில் கூரை காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிவதைப் பார்க்காத ஆள் நம் பக்கம் இருக்க முடியாது. நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம், அந்தக் காரத்தில் கம்பி மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் உருவாகி நிற்கும். உப்பில் உள்ள குளோரைடு உள்ளே ஊறிப்போய் அந்தப் படலத்தை உடைத்தால் துரு தொடங்கும், துருவுக்கு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடம் வேண்டும், அந்த நெருக்கலில் கான்கிரீட் பிளக்கிறது. கழுவாத கடல் மணலைப் போட்டுக் கட்டினால் உப்பு ஊறிப்போகக் காத்திருக்கவே வேண்டாம், முதல் நாளே உள்ளே இருக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ஸ்டெயின்லெஸ் எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டதற்குக் காரணம் இந்தக் குளோரைடுதான். வீடு கட்டுகிறவர்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்பது இன்னும் முடியாத கேள்வி.

என் துறைக்கு நெருக்கமான இன்னொன்று, அரிப்பும் அழுத்தமும் சேர்ந்து வரும் விரிசல். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் இருந்த படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தானாகவே விரிசல் விட்டன. உருவாக்கும்போது உள்ளே தங்கிவிட்ட இழுவிசை ஒரு பக்கம், குதிரை லாயங்களில் இருந்து வந்த அம்மோனியா இன்னொரு பக்கம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விரிசல் வராது. மிதமாகச் சூடாக்கி உள் இழுவிசையைப் போக்கினால் போதும் என்று கண்டுபிடித்தார்கள். விசைப்படகின் தண்டிலும் போல்ட்டிலும் கடல்நீரும் இழுவிசையும் சேரும்போது என்ன நடக்கிறது என்று இன்று கேட்டாலும், யோசிக்கும் வழி அதேதான்.

கடையில் 304 என்று சொல்லிக் கொடுத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட் ஒரே வருஷத்தில் பழுப்புப் புள்ளி விட்டுவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றாமலும் அப்படி ஆகலாம். 304-ல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், அந்தக் குரோமியம் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலத்தை உண்டாக்கிக் காக்கிறது. குளோரைடு அந்தப் படலத்தை ஊசி குத்தினதுபோல ஓரிடத்தில் துளைத்துவிடும். 316 ரகத்தில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் அது கடலோரத்தில் மேல். அதைக்கூட வெல்டிங் செய்த இடத்தில் நிறம் மாறின படலத்தைத் தேய்த்து எடுக்காமல் விட்டால் அங்கிருந்துதான் துரு தொடங்கும்.

ஏமாற்று வேலையும் நடக்கிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 போன்ற மலிவு ரகங்களை 304 என்று விற்பவர்கள் உண்டு. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று பலரும் நம்புகிறார்கள், தெரியாது, இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது. எக்ஸ்ரே மூலம் உலோகக் கலவையைக் காட்டும் கைக்கருவி வைத்துப் பார்த்தால் சில நொடியில் தெரிந்துவிடும்.

முப்பந்தல் காற்றாலைகளுக்கும் உலோகவியலுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. இறக்கைச் சக்கரம் நிமிடத்துக்கு 15 சுற்று வீதம் இடைவிடாமல் சுற்றினால் 20 ஆண்டில் 15 கோடிச் சுற்றைத் தாண்டும். ஒருமுறை பாரம் ஏற்றினால் தாங்கும் எஃகு, அதைவிடக் குறைந்த பாரத்தைக் கோடி முறை ஏற்றி இறக்கினால் விரிசல் விடும், இதைத்தான் களைப்பு என்கிறோம். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் உடைந்தபோது வோலர் என்ற ஜெர்மானியர் முறையாக அளக்கத் தொடங்கிய விஷயம் இது.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று சீராக வீசுவதில்லை, தள்ளித் தள்ளி அடிக்கும், அது கியர்பெட்டிக்கு இன்னும் கஷ்டம். உலகம் முழுக்கக் காற்றாலைக் கியர்பெட்டி பேரிங்குகள் வடிவமைத்த ஆயுளுக்கு வெகு முன்னதாகவே உடைகின்றன. வெட்டி மெருகேற்றி நைட்டலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) காட்டினால், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வெள்ளையாகத் தெரியும் விரிசல் வலை இருக்கும். ஹைட்ரஜன் உள்ளே புகுவதா, கசியும் மின்சாரமா, மசகு எண்ணெயா, வழுக்கலா என்று இன்னும் வாதம் முடியவில்லை. கழற்றிப் போட்ட பேரிங்குகள் கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு இருப்பது ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

மணவாளக்குறிச்சி மணலில் என்ன இருக்கிறது? அதை வைத்து ஆராய்ச்சி செய்யலாமா?

இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட் ஆகிய கனிமங்கள். முதல் இரண்டும் டைட்டானியத்துக்கு, சிர்கான் சிர்கோனியத்துக்கு, மோனசைட் தோரியத்துக்கும் நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்களுக்கும். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டபிறகுதான் இந்தக் கடற்கரையை உலகம் கவனித்தது.

மணல் உலோகமாக மாறும் பாதை நீளமானது. இல்மனைட்டில் இருந்து டைட்டானியம் டெட்ராகுளோரைடு எடுத்து, அதை மெக்னீசியத்தால் ஒடுக்கிப் பஞ்சு போன்ற டைட்டானியம் எடுக்கும் முறை குரோல் என்பவருடையது. அந்தப் பஞ்சைத் தயாரிக்கும் ஆலை கொல்லம் சவறாவில் இருக்கிறது. சிர்கானில் இருந்து அணு உலைக்கான சிர்கோனியம் எடுக்கும் ஆலை தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில். அங்கே பெரிய வேலை, சிர்கோனியத்தோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் ஹாஃப்னியத்தைப் பிரிப்பது, ஏனென்றால் ஹாஃப்னியம் நியூட்ரானை விழுங்கிவிடும். குறைந்த மின்சாரத்தில், குறைந்த கழிவோடு டைட்டானியம் எடுக்க முடியுமா என்பது உலக அளவில் திறந்து கிடக்கும் கேள்வி.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கடற்கரையில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம், மணல் அள்ளுவது பற்றிக் கரையோர மக்களுக்குக் கவலையும் எதிர்ப்பும் இருக்கின்றன. அந்தக் கவலையைக் காது கொடுத்துக் கேட்காமல் இந்தத் துறையில் யாரும் நல்ல ஆராய்ச்சி செய்துவிட முடியாது. எடுத்த பிறகு மிஞ்சும் கழிவு எங்கே போகிறது, தோரியம் எந்தக் கட்டத்தில் எங்கே சேருகிறது என்பதெல்லாம் உலோகவியல் கேள்விகளே.

நான் மெக்கானிக்கல். இன்னொரு தோழி பி.எஸ்சி. இயற்பியல். நாங்கள் இதற்குள் வரலாமா?

தாராளமாக. நம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் இருந்து இந்தத் துறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மெக்கானிக்கல்தான். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலோ எஸ்.டி. இந்துக் கல்லூரியிலோ இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் எம்.எஸ்சி. முடித்து நேராக முனைவர் பட்டத்துக்கு வரலாம், ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வு கை கொடுக்கும். மெக்கானிக்கல்காரர்களுக்கு வெப்ப இயக்கவியலும் திட இயந்திரவியலும் தெரியும், படிக அமைப்பும் கட்ட வரைபடமும் (எந்தக் கலவை எந்தச் சூட்டில் எந்த நிலையில் இருக்கும் என்று காட்டும் படம்) புதிதாக இருக்கும். இயற்பியல்காரர்களுக்குப் படிக அமைப்பு தெரியும், திட இயந்திரவியலும் கட்ட வரைபடமும் புதிதாக இருக்கும். முதல் ஆறு மாதம் யாராக இருந்தாலும் கஷ்டம்தான், இரும்பு-கார்பன் கட்ட வரைபடத்தைப் பார்க்காமலே வரையத் தெரியும் அளவுக்குப் படித்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் எந்தத் தாள் எழுதுவது?

உலோகவியல் படித்தவர்கள் எம்டி தாள். மெக்கானிக்கல்காரர்கள் தங்கள் எம்இ தாளை எழுதலாம், அல்லது பொறியியல் அறிவியலுக்கான எக்ஸ்இ தாளில் பொருளறிவியலையும் இன்னொரு பிரிவையும் எடுக்கலாம், கணிதம் கட்டாயம். எந்தத் துறை எந்தத் தாளை ஏற்கிறது என்பதை அந்தந்த நிறுவன அறிவிப்பில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும்.

எம்.டெக்., எம்.எஸ்., பிஎச்.டி. எது எனக்கு?

எம்.டெக். இரண்டு ஆண்டு, பாடம் அதிகம், கடைசி ஆண்டில் ஒரு திட்டம். ஐஐடி சென்னை போன்ற இடங்களில் இருக்கும் ஆராய்ச்சி வழி எம்.எஸ். இரண்டு முதல் மூன்று ஆண்டு, பாடம் குறைவு, ஆய்வு அதிகம். பிஎச்.டி. நான்கு முதல் ஆறு ஆண்டு. ஆராய்ச்சி பிடிக்குமா என்ற சந்தேகத்தோடு இருக்கிறவர்களுக்கு எம்.எஸ். நல்ல வாசல் என்பது என் எண்ணம். நேராக பிஎச்.டி. சேர்ந்துவிட்டு இரண்டாம் வருஷம் பிடிக்கவில்லை என்று தவிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வீட்டில் வருமானம் இல்லை. இவ்வளவு வருஷம் எப்படிச் சமாளிப்பது?

இதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். மத்திய அரசு நிறுவனங்களில் பிஎச்.டி.க்கு, 2023 ஜனவரி முதல் உள்ள விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000, கூடவே வீட்டு வாடகைப்படி அல்லது விடுதி. பணம் சில நேரம் தாமதமாக வரும், அதற்குக் கையிருப்பு கொஞ்சம் வைத்திருக்க வேண்டும். உதவித்தொகை எதுவும் இல்லாமல் நீங்களே பணம் கட்டி முழுநேர பிஎச்.டி. சேரச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நமக்குப் பக்கத்தில் நல்ல இடங்கள் எவை?

பலருக்குத் தெரியாத ஒன்று: களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் போகிற வழியிலேயே, பாப்பனங்கோட்டில், மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆரின் என்ஐஐஎஸ்டி ஆய்வகம் இருக்கிறது. அலுமினியம், மெக்னீசியம் போன்ற இலகு உலோக வார்ப்பில் நீண்ட அனுபவம் உள்ள இடம். வலியமலையில் ஐஐஎஸ்டி, விண்வெளித் துறையின் பல்கலைக்கழகம். அரிப்பு என்றால் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான செக்ரி, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1953-ல் திறக்கப்பட்டது, மண்டபத்தில் அதற்குக் கடலோரச் சோதனை நிலையமும் உண்டு. உயர் வெப்பத்தில் உலோகம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். அப்புறம் ஐஐடி சென்னை, திருச்சி என்ஐடி, பெங்களூரு ஐஐஎஸ்சி. இளநிலையிலேயே உலோகவியல் படிக்க நினைக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கோவை பிஎஸ்ஜி, சேலம் அரசு பொறியியல் கல்லூரி.

வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், கல்லூரிப் பெயரைவிட முக்கியம். அவருடைய கடைசி ஐந்து ஆண்டுக் கட்டுரைகளில் இரண்டையாவது முழுசாகப் படியுங்கள், புரியாத இடங்களைக் குறித்து வையுங்கள். அவரிடம் முடித்துப் போன மாணவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். இப்போது அங்கே படிக்கும் மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசி, மாதிரி தயாரிக்கும் அறை எப்படி இருக்கிறது, மின்னணு நுண்ணோக்கிக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், வழிகாட்டி வாரம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசுவாரா என்று கேளுங்கள். மின்னஞ்சல் எழுதும்போது "மதிப்பிற்குரிய ஐயா, உலோகவியலில் மிகுந்த ஆர்வம்" என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்பாதீர்கள். ஒருவருக்கு எழுதுங்கள், அவருடைய ஒரு படத்தைப் பற்றி, ஒரு வரைகோட்டைப் பற்றி உண்மையான ஒரு சந்தேகம் கேளுங்கள். பதில் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுத முடியுமா?

முடியும். நானும் தமிழ் வழிதான். முதல் வருஷம் கருத்தரங்கில் பேச நாக்கு வராது, அது எல்லோருக்கும் வரும் கட்டம். செய்த சோதனையை முதலில் தமிழில் யாருக்காவது சொல்லிப் பாருங்கள். தமிழில் தெளிவாகச் சொல்ல முடிந்தால் விஷயம் உங்களுக்குப் புரிந்திருக்கிறது, அதை எழுதப் பழகுவது வெறும் பயிற்சிதான். வரைபடமும் நுண்ணோக்கிப் படமும் கட்டுரையில் பாதி வேலையைச் செய்துவிடும்.

மக்களே, உலை, ஆசிட், ராத்திரி வேலை என்கிறார்களே. என் மகளை இதற்கு அனுப்பலாமா?

அனுப்பலாம் அம்மா. கனமான இயந்திரங்களை இயக்கப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுப்பார்கள், உடல் பலம் தேவைப்படும் வேலை குறைவு. ஆபத்து என்று நான் நினைப்பது வேறு. சில உலோகங்களுக்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த கரைசல் பயன்படுத்த வேண்டி வரும், தோலில் பட்டால் உடனே வலிக்காமல் உள்ளே இறங்கி எலும்பு வரை பாதிக்கும். அது இருக்கும் ஆய்வகத்தில் கால்சியம் குளுகோனேட் களிம்பு கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே அந்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொல்லும் தைரியம் உங்கள் மகளுக்கு வேண்டும், மகனாக இருந்தாலும் அதே தைரியம் வேண்டும். இரவு வேலை உண்டு, தனியாக இருக்கக் கூடாது என்ற விதி பல இடங்களில் இருக்கிறது, சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பழங்கால உலோகங்களை ஆராய்ந்து 2019-ல் பத்மஸ்ரீ பெற்ற ஷாரதா ஸ்ரீனிவாசன் போன்ற பெண்கள் இந்தத் துறையில் இருக்கிறார்கள், இன்னும் நிறையப் பேர் வர வேண்டும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

பெரும்பாலும் தேய்ப்பதில் போகும். ஒரு துண்டு வெட்டி, பிசினில் பதித்து, சொரசொரப்பான 220 எண் தாளில் தொடங்கி 400, 600, 800, 1000, 1200 என்று மேலும் மேலும் நைசான உப்புத்தாளில் தேய்க்க வேண்டும், ஒவ்வொரு தாளுக்கும் 90 டிகிரி திருப்பி, முந்தைய தாளின் கீறல் முழுதும் மறையும் வரை. அப்புறம் வைரப் பசையில் கண்ணாடி போல மெருகு. அதன்பின் அமிலத்தில் சில நொடி. ஒரு நொடி கூடினால் கருத்துவிடும், திரும்ப முதலில் இருந்து. இது எவ்வளவு பொறுமை கேட்கிறது என்பதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஆனால் நுண்ணோக்கியில் படிக எல்லைகள் தெளிவாகத் தெரியும் அந்த நேரம், சொன்னால் புரியாது, பார்த்தால்தான் புரியும்.

சில சோதனைகள் உங்கள் படிப்பு முடிந்தாலும் முடியாது. கொதிகலன் எஃகுகளுக்கு 1,00,000 மணி நேரம் தாங்கும் வலிமையை வைத்து வடிவமைக்கிறார்கள், அது பதினோரு ஆண்டுக்கு மேல். அதனால் கூடுதல் சூட்டில் குறைந்த நேரம் சோதித்து நீட்டிக் கணக்கிடும் லார்சன்-மில்லர் போன்ற முறைகளைப் பயன்படுத்துகிறோம். நீட்டும்போது உள்ளமைப்பு மாறிவிட்டால் கணக்கு பொய்த்துவிடும், அதைக் கண்டுபிடிப்பதே தனி ஆராய்ச்சி.

ஆய்வகம் இல்லாமல் கணினியிலேயே செய்யலாமா?

செய்யலாம். லாம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருளில் அணுக்கள் நகர்வதைக் கணக்கிடலாம். ஆனாலும் நிஜ உலோகத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் கணினியை மட்டும் நம்புவது எனக்கு உடன்பாடில்லை.

வளைகுடாவில் என்டிடி (பொருளை உடைக்காமல் சோதிப்பது), வெல்டிங் இன்ஸ்பெக்டர் வேலைக்கு நம் ஊர்க்காரர்கள் நிறையப் போகிறார்கள். அண்ணன்கூட அங்கேதான். அதுவும் இதுவும் ஒன்றா?

உறவு உண்டு, ஒன்று இல்லை. அண்ணன் அல்ட்ராசோனிக் வைத்து விரிசல் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று கண்டுபிடிக்கிறார். அது ஏன் வந்தது, அடுத்து எவ்வளவு வேகத்தில் வளரும், எந்த எஃகு போட்டால் வராது என்பது நம் வேலை. என்டிடி அனுபவத்தோடு ஆராய்ச்சிக்கு வருகிறவர்களை நான் மிகவும் மதிக்கிறேன், ஆயிரம் விரிசலைப் பார்த்த கண் அது. பத்து வருஷம் வேலை செய்த பிறகும் திரும்பி வந்து படிக்கலாம், வயது இதற்குத் தடையே இல்லை.

பழைய காலத்து உலோகங்களில் ஆர்வம். அதற்கு இடம் உண்டா?

உண்டு. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போயிருப்பீர்கள். குளச்சல் போருக்குப் பிறகு மார்த்தாண்ட வர்மாவிடம் சேர்ந்த டச்சுத் தளபதி டி லன்னாய் காலத்தில் அங்கே பீரங்கி வார்க்கும் உலை இருந்தது. பழைய உலை இருந்த இடங்களில் கிடைக்கும் கிட்டம்தான் (தாதுவை உருக்கும்போது மிஞ்சும் கழிவு) இந்தத் துறையில் பெரிய சாட்சி. பொருள் எங்கெங்கோ போய்விடும், கிட்டம் உலைப் பக்கத்திலேயே கிடக்கும், எவ்வளவு சூட்டில் எந்தத் தாதுவை உருக்கினார்கள் என்று அதை வெட்டிப் பார்த்தால் தெரியும். தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் எங்கேயும் ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள்.

படித்து முடித்தால் வேலை?

இஸ்ரோ, கல்பாக்கம், ஹைதராபாத் டிஎம்ஆர்எல் போன்ற அரசு ஆய்வகங்கள், சேலத்து எஃகு ஆலைகள், திருச்சி பெல், சென்னை வாகனத் தொழிற்சாலைகள், உடைந்த பாகங்களை ஆராயும் தனியார் ஆய்வகங்கள், கல்லூரி ஆசிரியர் பணி. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிப்பது நம் மலைக்கு அந்தப் பக்கம்தான். மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜனைத் தொடும் குழாய்க்குச் சாதாரண எஃகைப் போட்டால் அது நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும், 316 போன்ற ஆஸ்டனைட் வகை ஸ்டெயின்லெஸ் அந்தக் குளிரிலும் வளைந்து கொடுக்கும். இப்படி ஏன் என்று சொல்லத் தெரிந்த ஆள் எல்லா இடத்துக்கும் வேண்டும். மென்பொருள் வேலை அளவுக்கு எண்ணிக்கை கிடையாது, தொடக்கச் சம்பளமும் சில இடங்களில் குறைவு, அதையும் தெரிந்துகொண்டே வாருங்கள்.

இறுதியாண்டு மாணவன். இப்போதே என்ன செய்து பார்க்கலாம்?

இரண்டு யோசனை. ஒன்று, டிஎம்டி கம்பியில் ஒரு துண்டு வெட்டி, குறுக்கு முகத்தை மெருகேற்றி, ஆசிரியர் மேற்பார்வையில் நைட்டலில் காட்டுங்கள். வெளியே கருமையாக ஒரு வளையம், உள்ளே வேறு நிறம் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஆலையில் சூடான கம்பி மேல் தண்ணீர் பீய்ச்சியபோது வெளிப்பக்கம் இறுகி மார்டென்சைட் என்ற கடினமான அமைப்பாக மாறி, உள்ளிருந்த சூட்டில் பதம் ஆனது அது. வளையம் முழு வட்டமாக, ஒரே தடிமனில் இருக்கிறதா என்று பல கடைக் கம்பிகளை வைத்து ஒப்பிட்டால் அருமையான திட்டம்.

இரண்டு, ஒரே எஃகில் வெட்டிய சின்னத் தகடுகளை நன்றாகத் துடைத்து எடை போட்டு, கடலோரத்தில் ஒரு வீட்டு மாடியிலும், அரை கிலோமீட்டர் உள்ளே இன்னொரு வீட்டிலும், நாகர்கோவிலில் ஒன்றிலுமாக மாட்டுங்கள். ஒவ்வொரு இடத்திலும் சில தகடுகள் மழை படும்படியும் சில ஓட்டுக்கு அடியிலும் இருக்கட்டும். சில மாதத்துக்கு ஒருமுறை இறக்கி, துருவை முறைப்படி நீக்கி மறுபடி எடை போட்டால் ஆண்டுக்கு எத்தனை மைக்ரோமீட்டர் அரிக்கிறது என்று கணக்கு வரும். தேதி, மழை, காற்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். நேர்காணலில் இந்த நோட்டை நீட்டினால் கேள்வி கேட்கும் ஆசிரியர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

கேட் பதிவு வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில், தேர்வு பிப்ரவரியில், முடிவு மார்ச்சில். ஜூலை சேர்க்கைக்கான எம்.எஸ்., பிஎச்.டி. விண்ணப்பங்கள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில், ஜனவரி சேர்க்கைக்கு அக்டோபர், நவம்பரில். நேர்காணலில் அடிப்படைதான் கேட்பார்கள்: கட்ட வரைபடம், இழுவிசைச் சோதனை வரைகோடு, படிக அமைப்பு, கொஞ்சம் கணிதம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்த இடத்தில் இருந்து யோசித்துக் காட்டுங்கள்.